மடிப்பாறையின் ஐந்து நிறம்

பிள்ளையார்பாளையம்,
10-2-1972

சிரஞ்சீவி மாப்பிள்ளை உமாபதிக்குத் தாய்மாமன் கைலாசம் மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நான், உன் மாமி கமலாட்சி, உன் அம்மா எல்லோரும் சுகம். என் முட்டி மட்டும் சுகமில்லை. வேலூர் பெரிய டாக்டரே பார்த்துவிட்டு, "ஐயா, இப்படி ஒரு முட்டியை என் சர்வீஸில் பார்த்ததில்லை" என்று கும்பிட்டு அனுப்பிய முட்டி அது. உன் வயிற்றுவலி எப்படி இருக்குது? மெஸ்ஸில் மிளகாயைக் குறைக்கச் சொல். கேட்கவில்லை என்றால் என் பேரைச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓரிக்கை தாண்டிப் பாலாற்றிலே நம்ம மடிப்பாறை இருக்குதே, அதன் காலடியில் ஊறுகிற ஊற்றுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. டூரிஸ்ட் ஸ்தலமாக ஆக்க வேண்டும் என்று சர்க்காருக்கு நானே என் கைப்பட மனு எழுதிவிட்டேன். எட்டுப் பக்கம். தபாலாபீஸில் படித்துப் பார்த்தவர் கண் கலங்கிவிட்டார்.

"மேற்படி ஊற்றானது தினப்படி ஐந்து நிறம் மாறும் அதிசயமாகும். விடிந்ததும் அரக்கு, பிறகு மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்திரிப்பூ, முடிவிலே மயில்கழுத்து. மாதம் ஐயாயிரம் பேர் கண்டு களிக்கிறார்கள். ஜப்பான் தேசத்து விஞ்ஞானி ஒருவர் பாட்டிலில் பிடித்துப் போயிருக்கிறார்." இப்படிப் போகுது. பேர் வைத்திருக்கிறேன்: பஞ்சவர்ண ஊற்று. எப்படி?

இடம் தீர்ந்துவிட்டது. இன்லண்டு லெட்டரைச் சர்க்கார் இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்தால் என்ன கெட்டுப்போகுது?

இப்படிக்கு, உன் நலமே நினைக்கும்
மாமன் கைலாசம்


சைதாப்பேட்டை,
19-2-1972

அன்புள்ள மாமாவுக்கு உமாபதி வணக்கம். என் வயிறு பரவாயில்லை. அதாவது, உங்கள் கடிதம் வருகிறவரைக்கும் பரவாயில்லை.

உங்கள் மனு எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? எங்கள் ஆபீஸுக்கு. யார் மேஜைக்கு? பிளான் வரைகிற என் மேஜைக்கு. அதிகாரி சிவப்புப் பென்சிலால் "அபூர்வம்! உடனே கவனிக்க" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

மாமா, அந்த ஊற்று நிறம் மாறுவது உலக அதிசயமா? நம் வீட்டு அதிசயம். அம்மாவும் பாளையத்துப் பெண்களும் சாயம் போட்ட பட்டு நூல் கழிகளை விடியற்காலையில் வண்டிக்காரப் பழனியின் வண்டியில் கொண்டுபோய் அங்கே அலசுகிறார்கள். கழியில் மிஞ்சிய சாயம் தண்ணீரில் போகிறது. முதலில் அரக்கு அலசினால் அரக்கு, மஞ்சள் அலசினால் மஞ்சள். ஒன்பது மணிக்கு மேல் போனால் வெறும் தண்ணீர்தான். இது பாளையத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

ஐயாயிரம் பேரா? அங்கே போகிறவர்கள் பன்னிரண்டு பேர், அம்மாவையும் சேர்த்து. நானே சின்ன வயசில் வண்டியில் போய் எண்ணியிருக்கிறேன். அந்த ஜப்பான்காரர் யார்? ஐந்து வருஷத்துக்கு முன்னால் வழி தவறி வந்து தண்ணீர் கேட்டாரே, அந்த ஆந்திராக்காரரா?

தயவு செய்து "தவறாக எழுதிவிட்டேன்" என்று ஒரு கார்டு போடுங்கள். ஒரே ஒரு கார்டு. அந்தப் பாறை பாறையாகவே இருக்கட்டும்.

மாமிக்கு வணக்கம். அம்மாவை வெந்நீரில் குளிக்கச் சொல்லவும்.

உங்கள்
உமாபதி


பிள்ளையார்பாளையம்,
27-2-1972

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அக்கா வெந்நீரில்தான் குளிக்கிறாள், இருமல் இல்லை. என் முட்டி வானிலை பார்த்து வலிக்குது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துக்கினே இருந்தேன். படித்த பிள்ளைகளுக்கு ஒரு வியாதி, எதையும் உள்ளபடியே சொல்லித் தொலைப்பது. உள்ளபடி சொன்னால் எவன் வருவான்? நம்ம ஊருக்கு வருகிறவன் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறான், பெரிய தெருவில் புடவை வாங்குகிறான், சாயங்கால பஸ் ஏறிப் போய்விடுகிறான். அந்தப் புடவையை நெய்தவன் தெருவுக்குள்ளே ஒருத்தன் காலடி வைத்திருக்கிறானா? சொல்லுப்பா. பாலாறு என்று ஒன்று இருப்பதாவது அவனுக்குத் தெரியுமா?

இன்னொன்றும் கேள். ஆற்றங்கரைத் தோட்டக்காரர் ராஜகோபால் உனக்குத் தெரிந்தவர்தானே. போன ஐப்பசியில் அவர் மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்து, கயிற்றுக் கட்டிலில் போட்டு, சேற்றிலே ஒன்றரை மைல் மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பிள்ளை தங்கவில்லை. ரோடு கேட்டு அவர் ஏழு மனு போட்டார், ஏழுக்கும் பதில் இல்லை. நான் ஒரே மனுவில் ஐந்து நிறம் போட்டேன், சிவப்புப் பென்சில் வந்துட்டுது. டூரிஸ்ட் வந்தால் தார் ரோடு வரும். நான் சொன்னது பொய் என்றே வைத்துக்கொள், ரோடு பொய்யா?

அப்புறம், பிளானை நீயே வரையப்போகிறாய் என்று கேட்டதும் மார்பு விம்மிப்போச்சு. பிளான் மூலையில் வரைந்தவன் பேர் எழுதுவார்களாமே. "கை. உமாபதி" என்று போடு. உன் அப்பா பேருக்கு கோ வரும் என்பது தெரியும், இருந்தாலும் கை அழகாக இருக்குது.

நீ இருக்கும் இடத்தில் கொசு அதிகம் என்று கேள்வி. வேப்பெண்ணெய் தடவு.

இப்படிக்கு
பஞ்சவர்ணக் கைலாசம்


சைதாப்பேட்டை,
30-3-1972

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். ஒரு மாதமாக எழுத முடியவில்லை. வேலை.

நான் எதிர்பார்த்த கார்டை நீங்கள் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிகாரி தினமும் கேட்கிறார். கடைசியில் வரையவேண்டியதாகிவிட்டது.

இருந்தாலும் பார்க்க மோசமில்லை. பாறையின் கிழக்குப் பக்கம் பதினாறு படி. ஊற்றைச் சுற்றி வட்டமாக சிமெண்ட் தொட்டி, அரைச் சுவர், உட்கார்ந்து பார்க்க பெஞ்சு. சிமெண்ட் அன்னம் இரண்டு வைக்கலாம் என்று அதிகாரி சொன்னார், நான் ஒன்று போதும் என்று குறைத்தேன். பாறையின் வளைவுக்கு ஏற்ற மாதிரி கைப்பிடியும் வளைந்து போகும், அது என் யோசனை. மூன்று முறை மாற்றி வரைந்தேன். அதிகாரி என் பெஞ்சுக்கே வந்து தோளைத் தட்டினார். ஆறு வருஷத்தில் நான் தனியாக வரைந்த முதல் பிளான் இது. மற்றதெல்லாம் பிறர் வரைந்ததற்குப் பிரதி.

நீர் அசுத்தமாகாமல் இருக்க கம்பி வேலியும் கேட்டும் வருகிறது. அதிகாரி சொன்னார்.

நிறத்துக்குக் காரணம் என்ன என்றும் அவர் கேட்டார். அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

அம்மாவிடம் இதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவேண்டாம். நான் வரும்போது சொல்லிக்கொள்கிறேன். அம்மாவிடமிருந்து கடிதமே இல்லையே, உடம்பு சரியாக இருக்கிறதா?

உமாபதி


பிள்ளையார்பாளையம்,
24-4-1972

என் மாப்பிள்ளை, என் சிங்கம் உமாபதிக்கு ஆயிரம் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம், முட்டிகூட சுகம். சந்தோஷத்தில் அது வலிக்க மறந்துபோச்சு.

உங்கள் அதிகாரி வந்து போனார்! ஜீப்பிலே வந்தார். பின்னால் நூறு சைக்கிள். காலை ஏழரைக்கே வரச்சொல்லி நான்தான் தகவல் அனுப்பினேன். ஏன் என்று கேட்காதே, உனக்குத்தான் தெரியுமே. நம்ம பெண்களைப் பாறைக்கு அந்தப் பக்கம், பார்வைக்குத் தெரியாத இடத்தில் உட்காரவைத்து அலசச் சொன்னேன். அக்கா "எதுக்குப்பா ஒளிஞ்சிக்கினு அலசணும்?" என்று கேட்டாள். வெயில் படாது என்று சொல்லிவைத்தேன்.

அதிகாரி இந்தப் பக்கம் நிற்கிறார். தண்ணீர் வருது, அரக்கு! மனிதர் வாய் பிளந்துட்டார். பிறகு மஞ்சள்! கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பச்சை வந்ததும் என் கையைப் பிடித்துக்கினு, "மிஸ்டர் கைலாசம், இது தேசத்தின் சொத்து" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம், இது நிஜமாகவே தானாக மாறுதோ என்று மயிர்க்கூச்செறிந்தது. சத்தியம்.

அடுத்த வாரமே வேலை ஆரம்பம். ராஜகோபால் இருபது முறை என்னைக் கட்டிக்கொண்டார். ரோட்டுக்கு ஜல்லி வந்து இறங்குது. எனக்கு ஒரு பதவியும் கொடுத்திருக்கிறார்கள்: கௌரவ மேற்பார்வையாளர். கேட்டின் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

அக்கா சுகம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

ஆசீர்வாதத்துடன்
கைலாசம், கௌரவ மேற்பார்வையாளர்


சைதாப்பேட்டை,
2-6-1972

மாமாவுக்கு வணக்கம்.

என் வயிறு, கொசு, மெஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. வேலி போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டதாக ஆபீஸில் குறிப்பு வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கதை வேண்டாம். ஜப்பான்காரர், வேலூர் டாக்டர் யாரும் வேண்டாம்.

அம்மாவும் மற்ற பெண்களும் இப்போது எங்கே அலசுகிறார்கள்?

உமாபதி


பிள்ளையார்பாளையம்,
20-6-1972

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். பதினெட்டு நாள் தாமதம், மன்னிக்கவும். ஊரில் என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு பதில் சொல்லவே பொழுது போதவில்லை.

நீ கேட்டதற்கு பதில்: ராஜகோபால் தோட்டத்துக் கிணறு. பெரிய கிணறு. கல் கட்டடம். இறங்கப் படி இருக்குது. ஆற்று மணலில் குந்திக்கினு இருந்தவர்களுக்கு இப்போது எவ்வளவு வசதி பார்! தண்ணீரிலே லேசாக ஒரு கரிப்பு. அது உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

திறப்பு விழா ஜூலை பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெரிய மனிதர் வருகிறார். விழாவுக்கு முன்னாலேயே ஜனங்கள் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் ஊற்று கொஞ்சம் களைத்திருக்குது. முன்னே மாதிரி நிறம் எடுக்கவில்லை. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் போல.

அது இருக்கட்டும். உனக்கு பாரிமுனைப் பக்கம் போகிற வழக்கம் உண்டுதானே? அங்கே சாயப்பொடி டப்பா கிடைக்கும். அரக்கு இரண்டு, மஞ்சள் இரண்டு, பச்சை ஒன்று வாங்கி பார்சலில் அனுப்பு. வீட்டு உபயோகத்துக்கு.

என் முட்டி பரவாயில்லை. உள்ளங்கை இரண்டும்தான் அரிப்பெடுத்துச் சிவந்துகிடக்குது. கழுவினாலும் போகவில்லை. உஷ்ணம் என்று உன் மாமி விளக்கெண்ணெய் தடவுகிறாள்.

மாமன்
கைலாசம்


பிள்ளையார்பாளையம்,
28-6-1972

என் மகன் உமாபதிக்கு அம்மா கமலவேணி சொல்ல, எதிர் வீட்டு அங்கம்மாள் எழுதுவது.

நான் நல்லா இருக்கேம்பா. நீ வேளைக்குச் சாப்பிடறியா? உன் மூணு கடுதாசியும் வந்துது. உன் மாமன் படிச்சுக் காட்டறேன்னு வாங்கிக்கினு போனான், திருப்பித் தரலை. அங்கம்மாள் இப்பதான் லீவுக்கு வந்தாள், அதான் சொல்லி எழுதறேன். அவள் அழகா மாத்தி எழுதறேங்கறாள், நான் சொல்றபடியே எழுதுன்னுட்டேன்.

ஊத்துக்கு வேலி போட்டாச்சு. இப்ப தோட்டத்துக் கிணத்துலே அலசறோம். உப்புத் தண்ணி. பட்டு அந்தத் தண்ணியிலே பட்டா பளபளப்பு செத்துப்போவுது. கல்யாணப் புடவைக்குன்னு கடைக்காரர் கொடுத்த அரக்கு நூல் மொத்தமும் தவிட்டு நிறமா வந்துட்டுது. இருபத்திரண்டு வருசமா எனக்குக் கொடுத்தவரு, "அம்மா, இனிமே வேற ஆளைப் பார்த்துக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" ன்னுட்டாரு. நான் தப்பா நெனைக்கலை. நூலைக் கண்ணாலே பார்த்தா எனக்கே தெரியுதே. இப்போ அடுப்பு மூட்டலை. சாயச் சட்டி கவுத்து வெச்சிருக்கேன். மத்த பதினோரு பேரும் மட்டமான நூலா வாங்கி ஏதோ அலசிக்கினு இருக்காங்க.

உன் மாமன் விடியக்காலம் வந்து, அக்கா, மிச்ச சாயம் இருந்தா கொடுன்னு வாங்கிக்கினு போனான். எதுக்குப்பான்னேன், சும்மான்னான். பழனிதான் சொன்னான், ஊத்துலே கொண்டுபோய் கலக்கறானாம். ஊரெல்லாம் ஊத்து தானா நிறம் மாறுதுன்னு சொல்லிக்கினு, என் சட்டி சாயத்தை எடுத்துக்கினு போறான் பாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துது. சாவி அவன் இடுப்புலேதான் தொங்குது. நான் ஒரு நாளும் கேக்கலை. அவனும் எங்களுக்குன்னு ஒரு நாளும் திறக்கலை.

ஒரு விசயம் கேக்கணும். வேலி போட்டு வரைஞ்சது உமாபதிதான்னு அவன் சொல்றான். அவன் எப்பவும் அளக்கறவன்தானே, இதுவும் அப்படித்தான்னு நெனைச்சுக்கினேன். இல்லைன்னு ஒரு வரி எழுதிப் போடுப்பா.

உன் அம்மா


சைதாப்பேட்டை,
5-7-1972

மாமா,

சாயப்பொடி அனுப்பமாட்டேன். உங்கள் உள்ளங்கை ஏன் சிவந்தது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் கடிதம் வந்தது. என் மூன்று கடிதங்களையும் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அம்மாவின் அந்தச் சாயச் சட்டி கொதித்துதான் நான் படித்தேன், நீங்கள் அதில் கையை விட்டுத் துழாவியிருக்கிறீர்கள். இடுப்பில் சாவியை வைத்துக்கொண்டு, உங்கள் கூடப் பிறந்தவள் உப்புக் கிணற்றுக்குப் போவதை எப்படி மாமா தினமும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

திட்டி நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அம்மா என்னிடம் ஒரு வரி கேட்டிருக்கிறாள். அதை என்னால் எழுத முடியவில்லை. அதனால்தான் நான்கு பக்கத்தையும் கிழிக்கவேண்டியதாகிவிட்டது.

உமாபதி


பிள்ளையார்பாளையம்,
17-7-1972

உமாபதிக்கு மாமன் எழுதுவது. உன் மூன்று கடிதத்தையும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று விழா. நடந்ததை எழுதுகிறேன்.

விடிகிறதுக்கு முன்னே, சாயக் குடத்தைத் தலையில் வைத்துக்கினு போனேன். மேலத் தெருவில் கெஞ்சி வாங்கின சாயம். கேட்டுக்குப் பக்கத்திலே, கிணற்றுக்குப் போகிற வழியில் நம்ம பெண்கள் நின்றுக்கினு இருந்தார்கள். பதினொரு பேர் கையில் நூல் கழி. அக்கா கை வெறுங்கை. சும்மா அவர்களோடு வந்திருக்கிறாள். குடத்தைப் பார்த்தாள். "சீக்கிரம் போய் ஊத்துப்பா தம்பி, விருந்தாளிங்க வந்துடப் போறாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று சொல்லுவாளே, அந்தக் குரல்.

ஊற்ற முடியலைப்பா. குடத்தை மணலில் கவிழ்த்துட்டேன்.

எட்டு மணிக்கு அதிகாரி வந்தார், பெரிய மனிதர் வந்தார். தொட்டியில் தண்ணீர் வெறும் கண்ணாடி மாதிரி நிற்குது. அடியில் மணல் தெரியுது. அதிகாரி என் காதிலே, "என்னய்யா இது?" என்கிறார். ராஜகோபால் தூர நின்று கையை ஆட்டுகிறார். நம்ம பெண்கள் கிணற்றுக்குப் போகாமல், கழியும் கையுமாக வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

நான் சொன்னேன்: "இது தானா நிறம் மாறாதுங்க. இதோ வெளியே நிக்கிறாங்களே, இவங்க பட்டு அலசுற தண்ணி இது. நான் எழுதினதெல்லாம் பொய்." சொல்லிவிட்டுச் சாவியை எடுத்து கேட்டைத் திறந்தேன். பெண்கள் தயங்கினார்கள். அக்காதான் முதலில் இறங்கினாள், வெறுங்கையோடு. பிறகு எல்லோரும். கால் மணி நேரத்தில் தண்ணீர் மஞ்சள், பச்சை, அரக்கு என்று போகுது.

என்ன ஆச்சு தெரியுமா? பெரிய மனிதர் கைதட்டினார்! நான் பேசினதை நாடக வசனம் என்று நினைத்துக்கொண்டாராம். "நல்ல ஏற்பாடு, கிராமிய நிகழ்ச்சி" என்றார். அதிகாரிக்கு உயிர் வந்தது. உடனே உத்தரவு: ஞாயிறுதோறும் பத்து மணிக்கு, டூரிஸ்ட்டுக்கு எதிரே, இந்தப் பெண்கள் வந்து அலசிக் காட்டவேண்டும். மற்ற நாள் கேட் பூட்டியே இருக்கும். சாவியை என் இடுப்பிலிருந்து அவரே அவிழ்த்துக்கொண்டார். நான் "ஐயா, நிஜத்தைச் சொன்னேன், நிஜம்" என்று ஜீப் பின்னாலேயே போகிறேன், அவர் சிரித்துக்கினே, "கைலாசம், உம்ம மாதிரி கதை சொல்ல ஆள் கிடையாது" என்கிறார்.

ஐம்பத்தாறு வயசிலே முதல் தடவையா ஊர் முன்னாலே நிஜம் சொன்னேன். ஒருத்தன் நம்பலை.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்: "சாயம் போட்ட சூடு ஆறும் முன்னே அலசணும், திட்டுத்திட்டா ஆயிடும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் நூல் எனக்காகக் காத்துக்கினு இருக்குமா?"

வாய்ப்பேச்சை நம்பாதவர்கள் எழுத்தை நம்புவார்கள் என்று, இதோடு ஒரு வாக்குமூலம் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் என்று உண்மையாகவே போட்டிருக்கிறேன். அதை ஃபைலில் சேர்த்துவிடு. கடைசியில் "பிளான் வரைந்த உமாபதிக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது" என்றும் எழுதியிருக்கிறேன். உனக்கு ஒன்றும் வராது.

கைலாசம்


சைதாப்பேட்டை,
4-8-1972

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். கை அரிப்பு எப்படி இருக்கிறது?

உங்கள் வாக்குமூலத்தை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டேன். அதற்குக் கீழே, "எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்" என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். நீங்கள் எட்டுப் பக்கம் பொய் எழுதினீர்கள், மாமா. நான் பொய்யே எழுதவில்லை. அதிகாரி காரணம் கேட்டபோது பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வேலி அந்தப் பென்சிலில்தான் வந்தது.

அதிகாரி அரைமணி நேரம் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது மேலே தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். உங்கள் எழுத்தில் இருப்பதைக் கைதட்டி மறைக்க முடியவில்லை. ஸ்தலமே பட்டியலில் இருந்து நீக்கம். வேலியையும் கேட்டையும் கழற்றி எடுத்துக்கொள்ள உத்தரவு. தொட்டி, படி, அன்னம் அப்படியே கிடக்கும். ரோட்டு வேலையும் அதோடு நின்றுவிட்டது. ராஜகோபால் ஐயா என்ன சொல்வாரோ.

நான் மறுபடியும் பிரதி எடுக்கிற பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு இன்று தனியாக எழுதியிருக்கிறேன். ஒரு வரிதான். "வரைந்தது நான்தான் அம்மா." படித்துக் காட்டும்போது எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள்.

உங்கள்
உமாபதி


பிள்ளையார்பாளையம்,
30-8-1972

சிரஞ்சீவி மாப்பிள்ளை உமாபதிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். கை அரிப்பு போய்விட்டது, முட்டி வலி திரும்பிவிட்டது. இது சாதாரண முட்டி வலிதான். நான் போனது வேலூர் டாக்டரிடம் இல்லை, வாலாஜாபாத் கம்பவுண்டரிடம். அவரும் கும்பிடவில்லை.

உன் ஒரு வரியைக் கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டினேன். அக்கா கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்தபடியே, "அவன் அங்கே வேளைக்குச் சாப்பிடறானா, எழுதிக் கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

வேலி போய்விட்டது. கம்பியைக் கழற்றும்போது ராஜகோபால் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜல்லி முக்கால் மைலில் நிற்குது. அவர் கோபம் நியாயம். அந்த ரோட்டுக்காக இன்னொரு மனு எழுதிக்கினு இருக்கிறேன். அரைப் பக்கம்தான் வருது. கட்டில், சேறு, பிள்ளை தங்காதது, அவ்வளவுதான் இருக்குது எழுத. அவரிடம் கையெழுத்து கேட்கணும். எப்படிப் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.

கடைக்காரர் நேற்று அக்காவுக்கு அரக்குச் சாயம் போடக் கொஞ்சம் நூல் கொடுத்து அனுப்பினார், முழு நூல் இல்லை, நிறம் எப்படி வருது என்று பார்ப்பதற்கு. இன்று விடியற்காலை நானும் பழனி வண்டியில் போனேன். அக்கா உன் சிமெண்ட் பெஞ்சில் நூலைப் பிரித்து வைத்து, "இது மட்டும் உபயோகமா இருக்குது, பையனுக்கு எழுது" என்றாள். அன்னத்தின் கழுத்திலே யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். நூல் அலசி எடுத்தாள். நல்ல அரக்கு. கல்யாணப் பெண் கட்டிக்கொள்ளலாம்.

ஊற்றங்கரையில் ஐயாயிரம் பேர் இருந்தார்கள்.

மேல் வரியை அடித்துவிட்டேன், பார்த்தாயா. பன்னிரண்டு பேர். இரண்டு தடவை எண்ணினேன்.

இப்படிக்கு
மாமன் கைலாசம்